தகப்பன் நிரலை அழித்துவிட்டு எழுது



மகள், பின்னவல அநாதை இல்லத்து யானைகளுக்கு நீ வரைந்த வம்சாவளியை மடுல்கெல்ல மழையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்து ஒரே மூச்சில் வாசித்தேன். இலக்கம், மைக்ரோசிப் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்த சங்கதி. எனக்கு எரிச்சல் மூட்டியது வேறு: தகப்பன் நிரலில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

அதெப்படி? அங்கே 1982இல் இனப்பெருக்கத் திட்டம் தொடங்கி, 1984இல் முதல் குட்டி பிறந்தது. பெட்டைகள் மந்தையாகத் திரியும் இடம், ஆண்களும் ஒன்றிரண்டல்ல. சினைக்காலம் 22 மாதம் வரை போகும். குட்டி விழுந்த பிறகு யாரைக் கேட்டு எழுதினாய்? மரபணுச் சோதனை சொன்னதையும் பாகனின் ஞாபகத்தையும் ஒரே மையில் எழுதிவிட்டாய்.

லயத்து மாடுகளுக்குச் சினை ஊசி போட்டபடி இந்த மலைகளில் ஏறி இறங்கியவன் நான். குண்டசாலையிலிருந்து விந்து வரும் காளையின் இலக்கத்தை அட்டையில் எழுதிக் கொடுப்பேன். ஊசி பிடிக்காவிட்டால் 21 நாளில் மாடு திரும்பக் கத்தும். எனக்குச் சொல்லாமல் பக்கத்துத் தோட்டத்துக் காளையிடம் ஓட்டிப்போவார்கள். கன்று மூன்று வாரம் பிந்தி, திமிலோடு வந்து நிற்கும். "ஐயா போட்ட ப்ரீசியன்தான்" என்று அப்போதும் சத்தியம் பண்ணுவார்கள். ப்ரீசியனுக்கு விலை கூட, மகள்! மாட்டில் அந்த மூன்று வாரம் காட்டிக்கொடுத்துவிடும். யானைக்குச் சினைப்பருவச் சுற்று ஏறக்குறைய 15 வாரம், சினைக்காலமும் கூடும் குறையும். விரல்விட்டு எண்ணித் தகப்பனைப் பிடிக்க முடியாது. எந்த வாரம் எந்த ஆண் மந்தையோடு நின்றது என்று அன்றன்றே எழுதியிருந்தால்தான் உண்டு.

இன்னொன்று. அநாதையாக வந்தவற்றுக்குப் பெற்றோர் 'காடு' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டாய். எந்தக் காடு? எந்தக் கிணற்றில் விழுந்து கிடந்தது? ஒரே பக்கத்தில் கிடைத்த இரண்டு குட்டிகள் அக்கா தம்பியாகவும் இருக்கலாமே. மூலம் தெரியாமல் எழுதினால் என்ன ஆகும் என்று பார்: அமெரிக்காவில் 1981இல் ஆசியச் சிங்கங்களுக்கென்று திட்டம் போட்டுப் பெருக்கினார்கள். மூலச் சிங்கங்கள் 5இல் 2, ஆப்பிரிக்க வழி வந்தவை என்று 1987இல் தெரிந்தது. பிறகு பிறந்ததையெல்லாம் எவ்வளவு ஒழுங்காகப் பதிந்தும் என்ன, தலை வரியே பிழை. நம் நாட்டில் காட்டு யானைக் குட்டிகளுக்குப் போலிப் பத்திரம் எழுதினார்கள் என்று வழக்கே நடந்தது. அப்படிப் பறிமுதலான யானைகள் பின்னவலைக்கும் வந்தன.

2021 ஆகஸ்ட் 31இல் சுரங்கி என்ற பெட்டை ஈன்ற இரட்டைக் குட்டிகள் பற்றிய பந்தி பரவாயில்லை. கொஞ்சம் பத்திரிகைச் செய்தி வாடை. ஆனால் செத்துப் பிறந்த குட்டிகளுக்கும் தனித்தனி வரி கொடுத்தாய் பார், அந்த ஒரு பக்கத்துக்காக உன்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடலாம். நான் பார்த்த பதிவேடுகளில் செத்ததற்கு இடமே இருந்ததில்லை.

அச்சுக்குக் கொடுக்க முன் தகப்பன் நிரலை முழுவதும் அழித்துவிட்டுத் திரும்ப எழுது. பக்கத்தில் ஆதாரத்துக்கு இன்னொரு நிரல் போடு: சோதனையில் கண்டது, கண்ணால் கண்டது, கேட்டது. மூன்றும் இல்லாத இடத்தில் 'தெரியாது' என்று எழுது. எத்தனை கட்டத்தில் அப்படி வந்தாலும் வரட்டும், திருத்திய பிரதியை எனக்கு அனுப்பு.