கூரையில் கைவைக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

ஃபோர்டு ஜிடி40 ரெப்ளிக்காவுக்குள் 6 அடி 4 அங்குல ஆளை உட்கார வைத்த கதையைத் தம்பி சென்ற இதழில் எழுதியிருந்தார். படங்களும் வந்திருந்தன. மோனோகாக் என்றால் என்ன, குழாய்ச் சேசிஸ் என்றால் என்ன என்று தம்பிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோவை கரி ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் மாணவர் போட்டிக்குக் கார் கட்டி, பரிசோதகர்கள் முன்னால் வியர்த்து நின்று தேறியவர். இப்போது இங்கிலாந்தில் ரெப்ளிக்கா கட்டும் பட்டறையில் வேலை. ஆகவே நேரே சண்டைக்கு வந்துவிடலாம்.

வாடிக்கையாளரின் உயரம் 193 செ.மீ. என்று கட்டுரை திரும்பத் திரும்பச் சொல்கிறது. சரி, உட்கார்ந்தால் எவ்வளவு? அது மட்டும் எங்கும் இல்லை. காருக்குள் யாரும் நின்றுகொண்டு ஓட்டுவதில்லை, தம்பி! ஒரே உயரமுள்ள இரண்டு பேரை ஒரு பெஞ்சில் அருகருகே உட்கார வைத்தால், ஒருவர் தலை மற்றவர் தலையைவிட இரண்டு அங்குலம் மேலே தெரிவது சாதாரணம். ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு முதுகு நீளம். கால் நீண்டவருக்கு வேலை பெடலில். முதுகு நீண்டவருக்கு வேலை தரையில். வந்திருப்பவர் எந்த ரகம் என்று தெரியாமல் ரம்பத்தை எடுப்பதைப் பார்த்தால் இந்தக் கிழவனுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதைத் தம்பி மறந்திருக்க முடியாது என்பதுதான் கூடுதல் எரிச்சல். மாணவர் போட்டிகளில் காரின் படத்துக்குள் ‘பெர்சி’ என்கிற பொம்மையைப் பொருத்திக் காட்டச் சொல்வார்கள். நூற்றில் 95 ஆண்களுக்குக் குறையாத அளவுள்ள ஆள் அவர். இடுப்புக்கு 200 மி.மீ. வட்டம், தோளுக்கு இன்னொரு 200, ஹெல்மெட் போட்ட தலைக்கு 300. இடுப்புக்கும் தோளுக்கும் இடையே 490, தோளுக்கும் தலைக்கும் இடையே 280. பெடலிலிருந்து இடுப்பு வட்டத்துக்குக் குறைந்தது 915. இத்தனை எண்களில் பெர்சி நின்றால் எவ்வளவு உயரம் என்ற எண் எங்காவது உண்டா? அந்தப் பொம்மையைச் செய்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. கல்லூரியில் அதை வைத்துக் கார் கட்டிய ஆள், சம்பளம் வாங்கும் இடத்தில் தையற்காரர் போல நிற்க வைத்து அளவெடுக்கிறார்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உட்கார்ந்த உயரம் சராசரியாக முழு உயரத்தில் 52 சதவீதம் பக்கம் வரும். 193-க்கு அது ஒரு மீட்டர். ஜிடி40 என்ற பெயரில் இருக்கும் 40 என்பது காரின் மொத்த உயரம்: 40 அங்குலம், 101.6 செ.மீ. அதிலிருந்து சாலைக்கும் காரின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளியைக் கழிக்க வேண்டும். அடித்தகடு, சீட்டின் பஞ்சு, கூரையின் கனம் எல்லாம் கழிய வேண்டும். ஹெல்மெட் இரண்டு அங்குலம் தின்றுவிடும். 2005 மாடலாக ஃபோர்டு நிறுவனமே அந்த உருவத்தை மறுபடியும் சாலைக் காராகக் கொண்டுவந்தபோது உயரத்தை 44 அங்குலத்துக்கு ஏற்றியது சும்மா இல்லை.

ஆக, பழைய அளவில் கட்டிய ரெப்ளிக்காவில் சாய்ந்துதான் உட்கார முடியும். எவ்வளவு சாய்வது என்பதில்தான் தகராறு.

தம்பி சீட்டின் முதுகைச் செங்குத்திலிருந்து 30 பாகையில் இருந்து 40-க்குத் தள்ளியிருக்கிறார். இடுப்பு மூட்டிலிருந்து உச்சந்தலை வரை 90 செ.மீ. என்று வைத்தால், அந்தப் பத்துப் பாகையில் 9 செ.மீ. லாபம் என்று கோசைன் கணக்கு சொல்லும். மனிதன் குச்சியாக இருந்தால் அது சரி. ஆனால் அவன் சாலையைப் பார்க்க வேண்டுமே! அதற்காகக் கழுத்தை முன்னால் மடக்குவான். அப்போது தலை மறுபடி மேலே ஏறும், மோவாய் மார்பில் இடிக்கும். படத்தில் அந்த மனிதர் சிரிக்கிறார் என்றால் அவர் இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டவில்லை என்று பொருள்.

பிடரி வலியாவது மாத்திரையில் போகும். பெல்ட் விவகாரம் அப்படியில்லை. முதுகு 30 பாகைக்கு மேல் சாய்ந்தால் அதைச் சாய்வு நிலை என்று கணக்கிட வேண்டும், இடுப்புப் பெல்ட் 60 முதல் 80 பாகைக்குள் கீழிறங்க வேண்டும், தொடைகளுக்கு நடுவே வரும் வார்களோடு ஆறு அல்லது ஏழு முனைப் பெல்ட் வேண்டும் என்று மாணவர் போட்டி விதியே சொல்கிறது. காரணம், மோதும்போது சாய்ந்த உடல் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு முன்னால் போகும். இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய வார் வயிற்றில் ஏறிவிடும். தம்பியின் படத்தில் தெரிவது நான்கு முனைப் பெல்ட். முதுகை 40-க்குச் சாய்த்த கை, பெல்ட் தாங்கிகளைத் தொடவே இல்லை.

நெட்டை ஆட்களுக்குத் தோள்பட்டையில் இன்னொரு ஆபத்து உண்டு. தோள் வார் கட்டியிருக்கும் குழாய், தோளுக்கு ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். தோள் அதைவிட நன்றாக உயர்ந்துவிட்டால், மோதலில் வார் உடம்பைப் பின்னால் பிடிப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி அழுத்தும். முதுகுத்தண்டு நசுங்கும். மோதலே இல்லாமலும் தோள் படுத்தும் பாடு உண்டு. ஜஸ்டின் வில்சன் 6 அடி 4 அங்குலக்காரர். 2003-இல் மினார்டி அணிக்காக ஃபார்முலா ஒன்னுக்கு வந்தவர், மலேசியப் பந்தயத்தில் கழுத்துப் பாதுகாப்புக்கான ஹான்ஸ் கருவி தோள் நரம்பை அழுத்தி, கைகள் மரத்துப்போய்ப் பாதியில் நிறுத்தினார். அவரைக் காரிலிருந்து தூக்கித்தான் எடுத்தார்கள்.

இனி அந்தக் குமிழ்.

சீட்டைச் சாய்த்தும் போதாமல், கதவின் மேற்பகுதியில் ஃபைபரில் ஒரு கர்னி குமிழை வைத்துவிட்டு, அதைக் கட்டுரையின் உச்சக்கட்டமாகத் தம்பி கொண்டாடியிருக்கிறார். அழகாகத்தான் இருக்கிறது. வரலாறும் இருக்கிறது. 1967 லெ மான்ஸ் பந்தயத்துக்கு ஷெல்பி அணி கொண்டுவந்த சிவப்பு ஃபோர்டு மார்க் 4 காரில், டான் கர்னியின் தலை கூரையில் இடித்தது. ஆறடிக்கு மேல் மூன்று நான்கு அங்குலம் வளர்ந்த மனிதர். அவர் தலைக்காகக் கூரையில் ஒரு புடைப்பு எழுப்பினார்கள். உடன் ஓட்டிய ஏ.ஜே. ஃபாய்ட் பத்து நாள் முன்புதான் இண்டியானாபொலிஸ் 500 வென்றவர். லெ மான்ஸ் அவருக்குப் புதிது. இருவரும் சேர்ந்து 388 சுற்று, 5,232 கிலோமீட்டருக்கு மேல், மணிக்குச் சராசரி 218 கி.மீ. வேகத்தில் ஓட்டி ஜெயித்தார்கள். மேடையில் கர்னி ஷாம்பெயினைப் பீய்ச்சியதைத்தான் எல்லாரும் எழுதுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், தானே நடத்திய அணியின் ஈகிள் காரில் கிராண்ட் பிரீ ஜெயித்தார் என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. அந்தச் சிவப்புக் கார் இன்றும் டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. குமிழும் அப்படியே இருக்கிறது.

ஆனால் அந்தக் காரில் குமிழோடு இன்னொன்றும் இருந்தது. 1966 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில், மார்க் 4-க்கு முன்னோடியான ஜே காரைச் சோதித்தபோது கென் மைல்ஸ் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் உள்ளே எஃகுக் குழாய்க் கூண்டு வந்தது. 1967 லெ மான்ஸ் இரவில் மாரியோ ஆண்ட்ரெட்டி தன் மார்க் 4-ஐ மோதி நொறுக்கிவிட்டு உயிரோடு வெளியே வந்தார். கூண்டு தலைக்கு மேல் இருந்த இடத்தைத் தின்றது, ஆளைக் காப்பாற்றியது. கதவு வெளியே புடைத்தாலும் தலை குழாய்க்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்பதில் பேரம் கிடையாது.

தம்பியின் பக்கவாட்டுப் படத்தை எடுத்து, கூண்டின் பின் வளைவின் உச்சிக்கும் கண்ணாடிக்கு மேலுள்ள குறுக்குக் குழாய்க்கும் ஒரு நேர்கோடு பென்சிலால் இழுத்துப் பார்த்தால், அந்த மனிதரின் ஹெல்மெட் கோட்டைத் தாண்டி மேலே நிற்கிறது. மாணவர் போட்டியில் கோட்டுக்குக் கீழே 50 மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் காரை வெளியே தள்ளியிருப்பார்கள். மூன்று மி.மீ. ஃபைபர் வெயிலுக்கும் மழைக்கும் காவல். கார் குப்புற விழுந்தால் சாலையைத் தாங்கப் போவது அந்த மனிதரின் மண்டை.

குமிழ் கூடாது என்பதல்ல வாதம். அது கடைசியாக வர வேண்டியது. முதலில் இடுப்பு கீழே இறங்க வேண்டும்.

அதற்கு வழியில்லாமல் இல்லை. சீட்டுக்கு அடியில் முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளத்தைக் கழற்றினால் ஓர் அங்குலமாவது மிஞ்சும். கடைப் பஞ்சை எடுத்துவிட்டு, ஆளை அவர் இடத்தில் உட்கார வைத்து, பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு திரவம் கலந்து பொங்கும் ஃபோமை ஊற்றி அச்செடுத்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். அதற்கும் மேலே வேண்டுமென்றால், சேசிஸ் குழாய்களுக்கு நடுவே இடுப்பு வரும் இடத்தில் மட்டும் தகட்டை வெட்டி, ஆழமில்லாத ஒரு தட்டை இறக்கி வெல்டு செய்யலாம். முன்னால் ரேடியேட்டர், பின்னால் எஞ்சின் என்பதால் தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் புதுமை ஒன்றுமில்லை. 1957-இல் காலின் சாப்மேன் கொண்டுவந்த லோட்டஸ் செவனின் உரிமையை 1973-இல் வாங்கிய கேட்டர்ஹாம், பெரிய உடம்புக்காரர்களுக்கென்று 2000-இல் 110 மி.மீ. அகலம் கூட்டிய எஸ்வி சேசிஸைக் கொண்டுவந்தது. தாழ்த்திய தரையும் கேட்டால் கிடைக்கும். தலையின் குறையைத் தரையில் தீர்க்கிறார்கள்.

சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில், ஒரு கோவை மெக்கானிக் இதற்கெல்லாம் அளவுநாடா எடுக்க மாட்டார். டீக்கடையிலிருந்து கொஞ்சம் பரோட்டா மாவு வாங்கிவரச் சொல்வார். எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து ஓட்டுபவரின் ஹெல்மெட் உச்சியில் ஒட்டி, ஆளை உள்ளே உட்கார வைத்து, பெல்ட்டை இறுக்கி, நேராகச் சாலையைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கூரையை மூடுவார். திறந்ததும் மாவு எவ்வளவு கனத்துக்கு அமுங்கியிருக்கிறது என்று ஸ்கேலால் பார்ப்பார். அதுதான் இடைவெளி. மாவு கூரையோடு போய்விட்டால், “தம்பி, நீங்க சைக்கிள் ஓட்டுங்க” என்பார். வெயிலில் உருகிய தார் வாசனையும் எரிந்த ரப்பர் வாசனையும் கலந்த அந்தப் பிப்ரவரி மத்தியானங்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். அப்போது கம்ப்யூட்டர் படமும் இல்லை, பெர்சியும் இல்லை. ஆனாலும் அங்கே யாரும் நின்ற உயரத்தைக் கேட்டதில்லை.

இவ்வளவு திட்டிய பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயம். தம்பியின் பெடல் படம்! சீட்டைத் தண்டவாளத்திலேயே ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, மூன்று பெடலையும் ஒரே வார்ப்பில் பொருத்தி, அந்த வார்ப்பை முன்னும் பின்னும் நகர்த்தி போல்ட் போடும்படி செய்திருக்கிறார். 1964-இல் வந்த முதல் ஃபோர்டு ஜிடி கார்களிலும் சீட்டு நகராது, பெடல்தான் நகரும். விலை உயர்ந்த ரெப்ளிக்கா கட்டுகிறவர்களே இதை மறந்துவிட்டுச் சாதாரணக் கார் சீட்டைத் தண்டவாளத்தோடு வைத்து விற்கும் காலம் இது. சீட்டு நகர்ந்தால் பெல்ட்டின் கோணம் மாறும், குழாய்க்கும் தலைக்கும் உள்ள தூரம் மாறும், கண்ணாடியில் தெரிவது மாறும். பெடல் நகர்ந்தால் பெடல் மட்டும்தான் மாறும். இதைப் பல வருடமாகச் சொல்லிச் சொல்லி இந்தக் கிழவனுக்குத் தொண்டை வற்றிவிட்டது. யாரும் சொல்லாமலே தம்பி அதைச் செய்திருக்கிறார். 12-ஆம் எண் காலணி பக்கத்துப் பெடலில் உரசாமல் இருக்க பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி, வெல்டின் ஒழுங்கு, கேபிள் திரும்பும் வளைவு எல்லாமே முதல் தரம். இந்த வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்த இளைஞர்களைப் பார்த்து வெகுநாள் ஆகிறது. இதற்கு ஒரே ஒரு பத்தியை ஒதுக்கிவிட்டு, குமிழுக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாரே என்பதுதான் வருத்தம்.

ஸ்டியரிங் முழங்காலில் இடிக்கிறது என்ற புலம்பலுக்குப் பதில் சின்னது: கழற்றி மாட்டும் சக்கரம், விட்டம் கொஞ்சம் குறைத்து. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

கார் இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது என்று கட்டுரையின் கடைசி வரி சொல்கிறது. நல்லதாயிற்று. அந்த மனிதரை ஒரு சனிக்கிழமை ஹெல்மெட்டோடும் ஓட்டும்போது போடும் காலணியோடும் வரச் சொல்லுங்கள். சீட்டு முதுகை 30 பாகைக்கே திருப்பி, தண்டவாளத்தைக் கழற்றி, ஃபோம் ஊற்றி உட்கார வையுங்கள். தலை இன்னும் கோட்டைத் தாண்டினால் தரையை வெட்டுங்கள். பெல்ட்டை ஆறு முனையாக்குங்கள். முதலாளி செலவு அதிகம் என்று முணுமுணுத்தால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். ஹெல்மெட்டுக்கும் குழாய்க் கோட்டுக்கும் நடுவே 50 மி.மீ. தெரியும்வரை சாவியை மட்டும் அவரிடம் கொடுத்துவிட வேண்டாம்.