விக்ஸன் கிராப் ஆப்பிள்: தின்னவும் சைடருக்கும் ஒரே மரம்

கிராப் ஆப்பிள் என்றால் வசந்தத்தில் பூத்துக் குலுங்கும் அழகு மரம், பழம் பறவைகளுக்கு என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். பல வகைகளுக்கு அது சரிதான். கடித்தால் புளிப்பும் துவர்ப்பும் முகத்தைக் கோணச் செய்யும். விக்ஸன் விதிவிலக்கு. கலிபோர்னியாவின் ஹம்போல்ட் கவுண்டியில், எட்டர்ஸ்பர்க் என்ற மலைப்பகுதியில் ஸ்ட்ராபெர்ரியிலும் ஆப்பிளிலும் புதிய ரகங்களை உருவாக்கிவந்த ஆல்பர்ட் எட்டரின் படைப்பு இது. 1944-இல் வெளிவந்தது. கலிபோர்னியாவின் பழ சாகுபடி பற்றிப் பெரிய நூல் எழுதிய பேராசிரியர் எட்வர்ட் விக்ஸனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பழம் பெரிய நெல்லிக்காயைவிடச் சற்றே பெரிது. ஆனால் அந்தச் சிறு உருண்டைக்குள் இனிப்பும் புளிப்பும் ஒருசேர இவ்வளவு ஏறி நிற்கும் ஆப்பிள் வேறு ஒன்றைச் சொல்வது கடினம்.

குளிர்காலம் சரியாகக் குளிரும் ஊர்களுக்கான மரம் இது. தமிழ்நாட்டுச் சமவெளியில் வராது. அமெரிக்காவிலும் கனடாவிலும் கொல்லையில் கொஞ்சம் இடம் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. விதை போட்டு வளர்க்க வேண்டாம். ஆப்பிள் விதை தாய் மரத்தின் குணத்தை அப்படியே கொண்டு வராது. பெயர்ச்சீட்டில் 'விக்ஸன்' என்று தெளிவாக எழுதிய ஒட்டுக்கன்றையே வாங்குங்கள். வெறுமனே 'கிராப் ஆப்பிள்' என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் அது அழகுக்கான ரகமாக இருக்கும்.

2. எந்த வேர்ச்செடியில் ஒட்டியது என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். மரத்தின் உயரம், எத்தனை ஆண்டில் காய்க்கும், முட்டு வேண்டுமா என்பதெல்லாம் அதைப் பொறுத்தே அமையும். எம்.9 வேர்ச்செடியில் மரம் 8 முதல் 10 அடியோடு நின்றுவிடும், 2, 3 ஆண்டுகளில் காய்ப்புக்கு வந்துவிடும். ஆனால் வேர் வலுவற்றது. ஆயுள் முழுக்க முட்டுக்கம்பம் வேண்டும், கோடையில் தண்ணீர் தவறக் கூடாது. எம்எம்.111 வேர்ச்செடியில் மரம் பெரிதாகும், காய்க்கச் சில ஆண்டுகள் கூடுதலாகப் பிடிக்கும், வறட்சியைத் தாங்கித் தன் காலில் நிற்கும். தின்பதற்கு மட்டும் என்றால் எம்.9 போதும். சைடர் போடும் ஆசை இருந்தால் எம்எம்.111 வாங்குங்கள், இவ்வளவு சிறிய பழத்திலிருந்து சாறு எடுக்க ஒரு பெரிய மரத்தின் விளைச்சல் வேண்டும்.

3. நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் வெயில் விழும் இடம் வேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகாது. சரிவின் அடிவாரமும் ஆகாது. இரவில் குளிர்காற்று அங்கேதான் தேங்கிப் பூவைக் கருக்கும்.

4. மண் கட்டாத வெறும் வேர்க் கன்று கிடைத்தால் குளிர்காலக் கடைசியில், மொட்டு விரிவதற்கு முன் நடுங்கள். நடுவதற்கு முன் சில மணி நேரம் வேரைத் தண்ணீரில் ஊறவிடுங்கள். ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேல் 3, 4 அங்குலம் தெரிய வேண்டும். அதை மண்ணில் புதைத்தால் மேல்பகுதியே வேர்விட்டு, காசு கொடுத்து வாங்கிய வேர்ச்செடியின் பலன் போய்விடும்.

5. மரத்தைச் சுற்றி மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டிப் போடாதீர்கள். பனிக்காலத்தில் அந்த மூடாக்குக்குள் எலிகள் குடியேறி அடிப்பட்டையைச் சுற்றிலும் கடித்துவிடும். பட்டை முழு வட்டமாகப் போனால் மரம் பிழைக்காது. சன்னக் கம்பிவலையைத் தண்டைச் சுற்றிக் கட்டி, அடியை மண்ணுக்குள் சற்றே இறக்கிவிடுங்கள். மான் வரும் ஊரானால் ஆளுயரத்துக்கு மேல் வேலியும் வேண்டும்.

6. ஒற்றை மரத்தை நம்ப வேண்டாம். அதே காலத்தில் பூக்கும் இன்னொரு ரகத்து மரம் 50 அடிக்குள் இருந்தால் காய்ப்பு உறுதி. பக்கத்து வீட்டு ஆப்பிளோ தெருவோர அழகுக் கிராப் ஆப்பிளோ கூடப் போதும். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது. தேனீ வராவிட்டால் பழமும் வராது.

7. உரத்தைக் கொட்டி வளர்க்கும் ஆசையை அடக்குங்கள். தழைச்சத்து மிஞ்சினால் சதைப்பற்றான இளந்தளிர் நிறைய வரும். தீக்கருகல் நோய்க்கு வேண்டியது அதுதான். இது ஒரு பாக்டீரியா நோய். வெதுவெதுப்பான ஈர நாட்களில் பூ வழியாக நுழையும். தளிர் கருகி, நுனி வளைந்து, இலை உதிராமல் தொங்கினால் சந்தேகப்படுங்கள். கருகிய இடத்தோடு நிறுத்தாமல் அதற்குக் கீழே 8 முதல் 12 அங்குலம் நல்ல கிளையையும் சேர்த்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஆல்கஹாலில் துடையுங்கள். வெட்டிய கிளையை உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். இளகிய மனதோடு கொஞ்சமாக வெட்டுபவர்கள் மரத்தையே இழக்கிறார்கள்.

8. கவாத்து குளிர்காலக் கடைசியில். செங்குத்தாகக் கிளம்பும் போத்துகளையும் உள்நோக்கி வளரும் கிளைகளையும் எடுத்துவிட்டால் வெயிலும் காற்றும் உள்ளே போகும்.

9. பிஞ்சு கலைப்பது பலருக்கு மனம் வராத வேலை. ஆனாலும் செய்யுங்கள். ஒரு கொத்தில் ஒன்றோ இரண்டோ விட்டு மற்றதை ஜூன் மாதத்துக்குள் கிள்ளிவிடுங்கள். இந்த ஆண்டு பாரம் தாங்காமல் காய்த்த மரம் அடுத்த ஆண்டு பூக்காமல் ஓய்வெடுக்கும். மரம் பெரிதாகி, எல்லாக் கொத்தையும் எட்ட முடியாவிட்டால், தின்பதற்கென்று கைக்கெட்டும் கிளைகளிலாவது கலையுங்கள்.

10. உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளினால் அடுத்த ஆண்டு சொறிநோய் குறையும். புழு விழுந்து உதிரும் பிஞ்சுகளையும் அன்றன்றே பொறுக்கிவிடுங்கள்.

11. பறிக்கும் நேரம்தான் இந்தப் பழத்தின் உயிர். நிறம் ஏறியதும் பறித்தால் வெறும் புளிப்புதான் மிஞ்சும். விக்ஸனைப் பிடிக்கவில்லை என்பவர்களில் பலர் பழுக்காததைக் கடித்தவர்களாகத்தான் இருப்பார்கள். சிவப்பைப் பார்க்காமல், சிவப்புக்கு அடியில் இருக்கும் பச்சை மஞ்சளாகிவிட்டதா என்று பாருங்கள். விதை பழுப்பாகியிருக்க வேண்டும். இன்னும் ஐயம் இருந்தால் ஒரு பழத்தைக் குறுக்காக வெட்டி, நீர்த்த டிங்சர் அயோடினைத் தடவுங்கள். மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். பெரும்பகுதி நிறம் மாறாமல் இருந்தால் மாவு சர்க்கரையாகிவிட்டது என்று பொருள். சோதித்த பழத்தைத் தின்ன வேண்டாம். எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது என்பதால் சில நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தவணையாகப் பறிப்பதே முறை. மொறுமொறுப்பு இருக்கும் முதல் தவணை தின்பதற்கு. நன்றாகக் கனிந்த கடைசித் தவணை சைடருக்கு.

12. தின்பதற்கு எடுத்ததைத் துளையிட்ட பையில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். சிறிய பழம் சீக்கிரம் சுருங்கும். தோலோடு தின்னுங்கள், விதையைத் துப்பிவிடுங்கள். பாதியாக நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொண்டால் குழந்தைகள் தட்டைக் காலி செய்துவிடுவார்கள்.

13. சைடருக்கு எடுத்த பழத்தை நிழலான, குளிர்ந்த இடத்தில் ஓரிரு வாரம் பரப்பி வைத்து, கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே அமுங்கும் பதத்துக்கு வரவிடுங்கள். பழம் நசுக்கும் ஆலை வீட்டில் இல்லையா? கழுவி, உறைபெட்டியில் கல்லாக உறையவைத்து, பிறகு உருகவிடுங்கள். உறையும்போது பழத்தின் செல்கள் உடைந்துவிடுவதால், துணியில் கட்டிச் சிறு அழுத்துப்பொறியில் வைத்தாலே சாறு இறங்கும். பித்தளை, அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு உலோகத்தை அரிக்கும். எவர்சில்வரோ கண்ணாடியோ நல்லது.

14. அமெரிக்காவில் சைடர் என்றால் நொதிக்காத பழச்சாறும்தான். அப்படியே குடிப்பதானால் 71 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி ஆறவைத்துக் கொடுங்கள். பச்சைச் சாற்றில் ஈ கோலை கிருமி இருக்கக்கூடும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் விஷயத்தில் இதில் சலுகையே கூடாது. தரையில் விழுந்த பழத்தைப் பச்சைச் சாற்றுக்குச் சேர்க்காதீர்கள்.

15. நொதிக்கவைப்பவர்களுக்கு: சாற்றைச் சுத்தமான கண்ணாடி ஜாடியில் ஊற்றி, சைடருக்கான ஈஸ்ட் சேர்த்து, ஏர்லாக் பொருத்தி, 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருக்கும் இடத்தில் விடுங்கள். அவசரப்பட்டுச் சூடான இடத்தில் வைத்தால் மணம் பறந்துவிடும். தெளிந்ததும் அடிவண்டலை விட்டு வேறு ஜாடிக்கு மாற்றுங்கள். ஹைட்ரோமீட்டர் அளவு 1.000-க்கோ அதற்குக் கீழோ வந்து, சில வாரம் அசையாமல் நின்ற பிறகுதான் புட்டியில் அடைக்க வேண்டும். சர்க்கரை மிச்சமிருக்கும்போது இறுக மூடினால் புட்டி வெடிக்கும். விக்ஸன் சாற்றில் சர்க்கரை அதிகம். சாதாரண ஆப்பிள் சைடரைவிட இதில் ஆல்கஹால் கூடுதலாக இருக்கும் என்பதை நினைவில் வைத்து ஊற்றுங்கள். சொந்த உபயோகத்துக்கு, பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ மேலோ இருந்தால் 200 காலன் வரை தயாரிக்க அமெரிக்க மத்திய சட்டம் அனுமதிக்கிறது. விற்கவும் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது.

16. தனி விக்ஸன் சைடர் கூர்மையாக இருக்கும். அதில் புளிப்பு நிறைய, துவர்ப்புக் குறைவு. ஆகவே இங்கிலாந்தின் சாமர்செட் பகுதி ரகங்களான டாபினெட், யார்லிங்டன் மில் போன்ற துவர்ப்பு இனிப்பு ஆப்பிள் சாறு கிடைத்தால் கலந்து பாருங்கள். கடைச் சாறு மந்தமாக இனித்தால் ஒரு பங்கு விக்ஸன் அதைத் தூக்கி நிறுத்தும். என் தேர்வு கலவைதான்.

17. மிஞ்சியதை ஜெல்லியாக்குங்கள். கிராப் ஆப்பிளில் பெக்டின் அதிகம் என்பதால் தனியாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. வேகவைத்து, துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும்.

18. மரம் நன்றாக வந்த பிறகு, இலை உதிர்ந்த குளிர்காலத்தில் பென்சில் பருமனுள்ள ஓராண்டுக் குச்சிகளை வெட்டி, ஈரத் தாளில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். அதே பெட்டியில் ஆப்பிள் இருக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும். 1944-இல் வந்த ரகம் என்பதால் காப்புரிமைத் தடை ஏதும் இன்று இல்லை. வசந்தத்தில் ஒட்டுக் கட்டக் கேட்டு வருபவர்களுக்கு இரண்டு குச்சிகள் கொடுத்தனுப்புங்கள்.