கீரையில் ஏறும் காட்மியம்

மண்ணில் உள்ள உலோகத்தின் அளவை மட்டும் கொண்டு, கீரையில் எவ்வளவு ஏறும் என்று கூற இயலாது. பாஸ்பேட் உரங்களுடன் சிறிது சிறிதாக வயலைச் சேரும் காட்மியம், அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் எளிதில் கரைந்து வேர்களை அடைகிறது. கடல்நீரின் குளோரைடும் அதனுடன் கூடி, மண்துகள்களின் பிடியிலிருந்து அதனை விடுவிக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் அந்தமானில் நிலங்கள் பலவும் அமிலத்தன்மை உடையவை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாழ்ந்த வயல்களில் உப்புநீரையும் புகுத்தியது. நீர் வடியும் வயல்களில் உப்பை மழை நாளடைவில் கழுவிவிடும். அமிலத்தையோ சுண்ணாம்பிட்டே தணித்தல் வேண்டும். காட்மியம் சிறுநீரகத்தில் பல்லாண்டுகள் தங்கி அதனைக் கெடுப்பது. காய்களைவிட இலைகளிலேயே மிகுதியாகச் சேர்வது. ஆகவே ஆய்வுக்கு முதலில் கீரையையே பறித்தல் நன்று. கழுவினால் புழுதி போகுமேயன்றி, இலையினுள் ஏறிய உலோகம் போகாது.