லீவை வித்தா லாபமா? பாதி விலைக்குப் போகும் உங்க ஓய்வு நாள்

வருஷக் கடைசியில் எச்.ஆர்.கிட்ட இருந்து ஒரு மெயில் வரும்: "உங்க கணக்கில் 10 நாள் லீவு பாக்கி. எடுத்துக்கறீங்களா, பணமா வேணுமா?" நம்மில் பலர் யோசிக்காம பணத்தை டிக் பண்ணிடுவோம். வீட்ல சும்மா உட்கார்ந்து என்ன செய்யப் போறோம்னு ஒரு நினைப்பு. அந்த டிக்குக்குப் பின்னாடி இருக்கிற கணக்கை இன்னைக்குப் பார்க்கலாம்.

மாதச் சம்பளம் 50,000 ரூபாய், அதில் பேசிக் 25,000னு வச்சுக்குவோம். லீவுக்குப் பணம் தரும்போது பல கம்பெனிகள் பேசிக்கை வச்சுத்தான் கணக்குப் போடும். 25,000-ஐ 30-ஆல் வகுத்தா 833. ஆனா உங்க ஒரு நாள் முழுச் சம்பளம் 1,667. லீவு எடுத்தா வேலை செய்யாமலே அந்த 1,667 வந்துடும். லீவை வித்துட்டு ஆபீஸ் போனா, கூடுதலா கிடைக்கிறது வெறும் 833. ஃபேக்டரியில் ஓவர்டைமுக்குச் சட்டம் இரண்டு மடங்கு கூலி கேட்குது. நீங்க பாதிக்கே ஒத்துக்கறீங்க!

வரியும் உண்டு. வேலையில் இருக்கும்போது லீவை வித்தா முழுத் தொகையும் சம்பள வருமானம்தான், ஸ்லாப்படி வரி. தனியார் ஊழியருக்கு, வேலையை விடும்போதோ ஓய்வு பெறும்போதோ வாங்கினாத்தான் வரிவிலக்கு. வாழ்நாள் உச்சவரம்பு 25 லட்சம் (2023 ஏப்ரல் வரை இது 3 லட்சம்தான்). அதுக்கும் சில நிபந்தனைகள் இருக்கு.

எங்க காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளருக்குக் கூலி சேலைக் கணக்கு. தறி ஓடலைன்னா காசு இல்லை. மழைக்காலத்தில் குழித்தறியில் தண்ணி ஊறும், ஈரத்தில் பாவு சரியா வராது. அந்த நாளெல்லாம் நஷ்டம் அவங்களுக்குத்தான். அப்படியிருந்தும் அமாவாசைக்குத் தறியைத் தொடாத வீடுகள் இங்க உண்டு. சொந்தக் கூலியை விட்டுக்கொடுத்து எடுக்கிற ஓய்வு அது. அதே தெருவிலிருந்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறுற தம்பி, தங்கைகளுக்குச் சம்பளத்தோட லீவு இருக்கு. வைகாசி கருட சேவைக்குக்கூட அதை எடுக்க மாட்டேங்கறாங்க.

உடம்புக் கணக்கு இன்னும் கடுமையானது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, வாரம் 55 மணி நேரமோ அதுக்கு மேலேயோ உழைக்கிறவங்களுக்கு, 35-40 மணி நேரம் உழைக்கிறவங்களைவிட பக்கவாத ஆபத்து 35% அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17% அதிகம். எங்க தொழிலிலேயே, 2024-ல் புனேயில் வேலைக்குச் சேர்ந்து நாலே மாசத்தில் 26 வயசு சி.ஏ. ஒருத்தர் இறந்தாங்க. வேலைப்பளுதான் காரணம்னு அவங்க அம்மா எழுதின கடிதத்தை நாடே படிச்சது.

"சார், கடன் இருக்கே?" நியாயமான கேள்விதான். கிரெடிட் கார்டு பாக்கி வருஷத்துக்கு 36% வட்டியில் ஓடுதுன்னா, கொஞ்சம் லீவை விக்கலாம், நான் தடுக்க மாட்டேன். புது போன் வாங்கறதுக்குன்னா வேண்டாம்.

இந்த வாரம் எச்.ஆர். பாலிசியைத் திறந்து பாருங்க. எத்தனை நாள் அடுத்த வருஷத்துக்குப் போகும்? மிச்சம் எந்தத் தேதியில் காலாவதி ஆகும்? பெரும்பாலான இடங்களில் கேஷுவல் லீவும் சிக் லீவும் பணமாகாது. அதனால காய்ச்சல் வந்தா லேப்டாப்பை மூடிட்டு அந்த சிக் லீவைப் போடுங்க. கேஷுவல் லீவை வருஷம் முடியறதுக்குள்ள எடுத்துடுங்க. ஏர்ன்டு லீவில் தொடர்ச்சியா அஞ்சு நாளை இப்பவே கேட்டு மெயில் போட்டுடுங்க, மார்ச்சில் கேட்டா எந்த மேனேஜரும் தர மாட்டார்.