கர்ப்பிணிகளின் காமாலையும் இரத்த சுத்தி முறையும்

உடலிற் சேர்ந்த நஞ்சைக் களைந்து உயிர் காக்கும் முறைகளுள் பிளாஸ்மா மாற்று முறையும் ஒன்று. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். அஃது எந்நோய்க்கு வேண்டப்படுகின்றது என்பதை முதற்கண் அறிதல் நலம்.

காமாலை பலவகைப்படும். அவற்றுள் 'ஈ' வகை, மலங் கலந்த குடிநீரால் பரவுவது. கிருமி உட்புகுந்த இரண்டு முதல் பத்து வாரங்களுள் நோய் வெளிப்படும். 1955ஆம் ஆண்டின் இறுதியில் யமுனை நீரிற் சாக்கடை கலந்தமையால் டில்லியில் ஏறக்குறைய 29,000 பேர் காமாலையுற்றனர். 1978இற் காஷ்மீரத்திற் பரவிய காமாலையை ஆராய்ந்த மருத்துவர் குரூ, அது தனிவகை நோயென எடுத்துக்காட்டினார். 1983இல் ருஷிய அறிஞர் பலாயன் அக்கிருமியைத் தம் உடலிலேயே ஏற்றுச் சோதித்துக் கண்டறிந்தார்.

பெரும்பாலார்க்கு இந்நோய் சில வாரங்களில் தானே தணியும். கர்ப்பிணிகட்கோ அங்ஙனமன்று. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இந்நோய் கண்டவருள் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறத்தல் கூடும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஈரல் செயலற்றால் அம்மோனியா முதலிய கழிவுகள் இரத்தத்திற் பெருகி மூளையை மயக்கும். இரத்தம் உறையும் ஆற்றலும் குன்றும். உறையாத இரத்தத்தோடு பிரசவிக்கும் தாயின் ஆபத்தைக் கூறவும் வேண்டுமோ?

இரத்தத்திற் செம்பாதிக்குச் சற்று மிகுந்த பகுதி பிளாஸ்மா என்னும் மஞ்சள் நிற நீராகும். நோயாளியின் இரத்தத்தைக் குழாய் வழியே இயந்திரத்துட் செலுத்தி, அந்நீரை மட்டும் பிரித்து நீக்குவர். இரத்த அணுக்களோடு, கொடையாளர் அளித்த நல்ல பிளாஸ்மாவைச் சேர்த்து உடலுக்கு மீட்டளிப்பர். வாய்க்காலிற் கலங்கிய நீரை மதகு வழியே வடித்துவிட்டு ஆற்றின் தெளிநீரைப் பாய்ச்சுதல் போன்றது இது. சிறுநீரக நோயாளர்க்குச் செய்யும் டயாலிசிஸ், புரதத்தோடு ஒட்டிய நஞ்சை நன்கு நீக்காது. இம்முறை அதனையும் நீக்குவதோடு, உறைதற்குரிய பொருள்களையும் அளிக்கின்றது.

ஈரல் திடீரெனச் செயலிழந்த 182 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஐரோப்பிய ஆராய்ச்சியில், பெருமளவு பிளாஸ்மா மாற்றப்பெற்றவருள் நூற்றுக்கு 58.7 பேரும், பெறாதவருள் 47.8 பேரும் பிழைத்தனர். ஆயினும் அது கர்ப்பிணிகட்கென்றே நடந்த ஆராய்ச்சியன்று. ஆகலின் இம்முறையைக் கைகண்ட மருந்தென்னாது, ஈரல் மீளுமளவும் உயிரைத் தாங்கும் ஊன்றுகோலெனக் கொள்க.

ஒரே இரவில் மூன்று தாய்மார் பிரசவத்தில் மடிந்தமை கண்டு நெஞ்சுருகிய ஐடா ஸ்கடர் அம்மையார், 1900இல் வேலூரிற் சிறிதாகத் தொடங்கிய மருத்துவப் பணியே பின்னர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே ஈரல் செயலிழந்தோர்க்கும், எலிமருந்து நஞ்சுண்டோர்க்கும் குறைந்த அளவில் பிளாஸ்மா மாற்றும் முறையைக் கையாண்டு வருகின்றனர்.

இனி நம் கடமை யாது? மேலப்பாளையம் போன்ற நெருங்கிய ஊர்களிற் குடிநீர்க்குழாய் உடைந்து சாக்கடை கலவாமற் காத்தல் முதற்கடமை. கர்ப்பிணிக்குக் காய்ச்சி ஆறிய நீரே கொடுத்தல் வேண்டும். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாட்கழித்தல் தகாது. உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். மயக்கமோ, பிதற்றலோ, இரத்தப்போக்கோ காணின் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. இயந்திரம் எத்துணைச் சிறந்ததாயினும், காலத்தில் வந்த தாய்க்கே அது பயன்படும்.