மயிலைக் கடற்கரையில் ஒரு கல்லறை

மாண்டாரை மறவாமை மக்கட்பண்புகளுள் ஒன்று. நம் முன்னோர் இறந்தாரைத் தாழியிற் கவித்தனர்; போரில் வீழ்ந்த மறவர்க்கு நடுகல் நாட்டினர்; சோழ வேந்தர் பள்ளிப்படைக் கோயில்கள் எடுத்தனர். ஷாஜகான் மன்னர், 1631-இல் உயிர்நீத்த தம் தேவி மும்தாஜின் பொருட்டு யமுனைக் கரையில் எழுப்பிய வெண்பளிங்கு மாளிகையை அறியாதார் இலர். இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க கல்லறை ஒன்று நம் கீழைக் கடற்கரையிலும் உண்டு. சென்னை மயிலாப்பூரில் சாந்தோம் பேராலயத்தின் அடியில் அமைந்துள்ள தோமா அப்போஸ்தலரின் கல்லறையே அது.

அப்போஸ்தலர் ஒருவரின் கல்லறைமீது எழுந்தனவாகப் போற்றப்பெறும் பேராலயங்களுள் இதுவும் ஒன்று. ரோமாபுரியில் பேதுருவினதும், ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகு நகரில் யாக்கோபினதும் அத்தகையனவே. சாந்தோமில் இன்று நாம் காணும் கோயில் 1896-இல் திருநிலைப்படுத்தப் பெற்றது. கூர்நுனி வளைவுகளையுடைய கோதிக் முறையில் அமைந்து, ஏறத்தாழ 155 அடி உயர்ந்த வெண்ணிறக் கோபுரம் காண்பார் கண்ணைக் கவரும். உள்ளே வண்ணக் கண்ணாடிகளினூடே கதிரொளி பல நிறங்கொண்டு பாயும். இத்துணைப் பொலிவுக்கும் கீழே, படிகளில் இறங்கிச் செல்வார் காண்பது எளியதொரு சிற்றறையே. அங்கே பேச்சு அடங்கும், நெஞ்சு விழிக்கும்.

இனி, இதன் வரலாற்றை நோக்குவோம். தோமா கி.பி. 52-இல் மலையாளக் கரையில் இறங்கினார் என்பதும், பின் கீழைக் கரைக்கு வந்து திருப்பணி ஆற்றினார் என்பதும், 72-இல் பரங்கிமலையில் ஈட்டியாற் குத்துண்டு இறந்து மயிலையில் அடக்கம் பெற்றார் என்பதும் வழிவழி வந்த செய்திகள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கிறித்தவரும் இசுலாமியரும் ஒருங்கே இக்கல்லறைக்கு யாத்திரை வந்தனர் என்றும், அவ்விடத்துச் செம்மண்ணைக் கொண்டுசென்று நீரிற் கரைத்துக் காய்ச்சலுற்றார்க்குக் கொடுத்தனர் என்றும் குறித்துள்ளார். 1523-இல் போர்ச்சுகீசியர் இவ்விடத்தை அகழ்ந்தபோது எலும்புகளும், ஈட்டிமுனையும், மண் நிறைந்த கலமும் கண்டதாக எழுதிவைத்தனர். அங்கே ஒரு கோயிலும் கட்டினர்.

எம் ஊராகிய கனகசெட்டிக்குளம் அடங்கிய புதுச்சேரி நாட்டின் வரலாறும் இச்சாந்தோமோடு பிணைந்ததே. 1672-இல் பிரெஞ்சுக்காரர் சாந்தோமைக் கைப்பற்றினர். கோல்கொண்டாப் படையும் ஒல்லாந்தரும் நெருக்கவே, 1674-இல் அதனை இழந்தனர். அதே ஆண்டில் பிரான்சுவா மார்த்தேன் என்பார் சாந்தோமினின்று ஒரு சிலருடன் புதுச்சேரிக்கு வந்து, அச்சிற்றூர் பின்னர் நகராய் வளர்தற்கு அடிகோலினார்.

நிற்க. தோமா உண்மையாகவே மயிலைக்கு வந்தாரோ என்று வினவுவார் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. அவரது இந்தியப் பணியைக் கூறும் பழைய சீரிய நூல் 3-ஆம் நூற்றாண்டினது. அது மயிலையின் பெயரைச் சொல்லவில்லை. அந்நூல் சுட்டும் கொந்தபோரஸ் என்னும் அரசன் வெறுங்கற்பனை என்றே நெடுங்காலம் கருதப்பட்டான். 19-ஆம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தபின் அவன் மெய்யாக ஆண்டவன் என்பது தெளிவாயிற்று. ஆயினும் அவன் நாடு இந்தியாவின் வடமேற்கெல்லை. காசுகள் அவனுக்குச் சான்றாகுமேயன்றி மயிலைக்குச் சான்றாகா. எலும்புகளோ பண்டே எதெசா நகருக்குச் சென்றன என்றும், அவை 1258-இல் இத்தாலிய நாட்டு ஒர்த்தோனாவை அடைந்தன என்றும் கூறுவர். மயிலையில் இன்று போற்றப்பெறுவன ஓர் எலும்புத் துண்டும் ஈட்டிமுனையுமே.

இவற்றைக் கேட்டு, ஐயுறுதலே பாவம் எனச் சினப்பார் சிலர். சான்று குறைந்தமையின் யாவும் பொய்யெனத் தள்ளுவார் வேறு சிலர். இருசாராரும் இக்கல்லறைக்குரியார் யாவர் என்பதை மறந்தனர். உயிர்த்தெழுந்த ஆண்டவரின் காயங்களைத் தொட்டாலன்றி நம்பேன் என்றவர் தோமா. ஆண்டவர் அவரை வெறுத்து விலக்கினாரில்லை. தம் காயங்களைக் காட்டி அருகழைத்தார். ஆதலின் தோமாவின் கல்லறையை ஆராய்வான் அஞ்சாது வினவலாம். வினவியபின் பணிந்தும் நிற்கலாம். ஆராய்ச்சியும் அன்பும் ஒரு நெஞ்சில் வாழ இடமுண்டு என்பதை அவர் வாழ்க்கையே காட்டுகின்றது.

தாஜ்மகாலின் எழில் மன்னன் ஒருவனின் பெருஞ்செல்வத்தால் விளைந்தது. மயிலைக் கல்லறையின் எழிலோ, ஒரு பிடி மண்ணை நம்பிக்கையோடு ஏந்திச் சென்ற எண்ணிறந்த ஏழை மக்களின் அன்பால் விளைந்தது. அங்கு எலும்பு பெரும்பாலும் இல்லையாயின் அதனாற் குறைவென்னை? வெறுங்கல்லறையின் முன் நின்று நம்புதல் கிறித்தவர்க்குப் புதிதன்றே!