வட்டம் அல்லாத துளைகளின் இடத்தை அளப்பது எப்படி?

உங்கள் கம்ப்யூட்டர் கேபினெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். மவுஸ், கீபோர்டு, நெட்வொர்க் கேபிள் ஆகியவற்றைச் செருகும் போர்ட்டுகள் ஒரு நீள்சதுரத் திறப்பின் வழியே வெளியே தெரியும். ஏ.டி.எக்ஸ். வகை கேபினெட்டுகளில் இத்திறப்பின் அளவு 158.75 மி.மீ. × 44.45 மி.மீ. ஆகும். அளவு சரியாக இருந்தாலும், வெட்டிய இடம் தள்ளிப் போய்விட்டால் போர்ட்டுகளைத் தகடு மறைத்துவிடும். அதனால்தான் தொழிற்சாலைகளில் துளையின் அளவோடு அதன் இடத்தையும் அளக்கிறோம். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் செய்து வரும் வேலையும் இதுவே.

இதற்கான மெஷினுக்கு சி.எம்.எம். என்று பெயர். முனையில் சிறிய குண்டு பொருத்திய ப்ரோப், பாகத்தைத் தொடும். தொட்ட புள்ளிகளின் எக்ஸ், ஒய், இசட் மதிப்புகள் கம்ப்யூட்டரில் பதிவாகும். பிசி-டிமிஸ், கேலிப்சோ போன்ற சாஃப்ட்வேர்கள் அவற்றை வைத்துக் கணக்கிடும்.

வட்டத் துளைக்கான கணக்கு

வட்டத் துளையின் மையம் எத்திசையில் விலகினாலும் ஒரே விதிதான். எக்ஸ் விலகலின் வர்க்கத்தையும் ஒய் விலகலின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 2 ஆல் பெருக்க வேண்டும். இதுவே ட்ரூ பொசிஷன். டிராயிங்கில் டாலரன்ஸ் எண்ணுக்கு முன் விட்டக் குறி, அதாவது குறுக்கே கோடு போட்ட வட்டம், இருக்கும்.

ஸ்லாட்டுக்கான கணக்கு

நீள்சதுரத் துளையான ஸ்லாட் அப்படியல்ல. பல பாகங்களில் அகலத்தில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும்; நீளத்தில் சற்று இடம் விட்டிருப்பார்கள். எனவே டிராயிங்கில் இரண்டு டாலரன்ஸ் தனித்தனியே இருக்கும். விட்டக் குறி இருக்காது. அந்தந்தத் திசையின் விலகலை மட்டும் 2 ஆல் பெருக்கி, அந்தத் திசைக்கான டாலரன்ஸோடு ஒப்பிட வேண்டும். டாலரன்ஸ் என்பது இருபுறமும் சேர்ந்த மொத்த அகலம் என்பதால்தான் 2 ஆல் பெருக்குகிறோம்.

நீங்களே செய்து பாருங்கள்

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் போதும். மையம் எக்ஸ் 40, ஒய் 25 ஆக இருக்க வேண்டிய ஒரு ஸ்லாட்டை எடுத்துக் கொள்வோம். அகலத் திசை எக்ஸ், டாலரன்ஸ் 0.1. நீளத் திசை ஒய்; டாலரன்ஸ் 0.4.

1. பி1 செல்லில் 40 என டைப் செய்யுங்கள்.
2. இடச்சுவரில் தொட்ட மதிப்பு 37.02 ஐ பி2 செல்லிலும், வலச்சுவர் மதிப்பு 43.04 ஐ பி3 செல்லிலும் கொடுங்கள்.
3. பி4 செல்லில் ஆவரேஜ் ஃபங்ஷன் மூலம் இவ்விரண்டின் சராசரியைப் பெறுங்கள். 40.03 என வரும். இதுவே நடுக்கோடு.
4. பி5 செல்லில் பி4, பி1 இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஏபிஎஸ் ஃபங்ஷனில் கொடுத்து 2 ஆல் பெருக்குங்கள். விடை 0.06.
5. சி காலத்தில் 25, 19.14, 31.18 என்று கொடுத்து ஒய் திசைக்கும் இதையே செய்யுங்கள். விடை 0.32.

இரண்டும் டாலரன்ஸுக்குள் இருப்பதால் பாகம் பாஸ். இதே பாகத்துக்கு வட்டக் கணக்கைப் போட்டால் 0.326 வரும். அதை 0.1 உடன் ஒப்பிட்டால் நல்ல பாகம் குப்பைக்குப் போய்விடும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். எக்ஸ் விலகல் 0.09, ஒய் விலகல் 0.04 என்று வைத்துக் கொள்ளுங்கள். வட்டக் கணக்கில் 0.197 வரும். 0.4 உடன் ஒப்பிட்டால் பாஸ். ஆனால் எக்ஸ் திசையில் 0.18 வருவதால் அது அசெம்பிளியில் பொருந்தாது.

கவனிக்க வேண்டியவை

ஸ்லாட் சாய்ந்திருக்கலாம். ஆகவே நடுவில் மட்டும் தொடாமல் இரு முனைகளிலும் நடுக்கோட்டைக் கண்டுபிடித்து, அதிக விலகலை எடுத்துக் கொள்ளுங்கள். மேற்கண்ட ஸ்லாட்டின் ஒரு முனையில் 40.06 வந்தால் விடை 0.12 ஆகி, பாகம் ரிஜெக்ட் ஆகிவிடும். வளைந்து நெளிந்த ஒழுங்கற்ற வடிவங்களுக்கு பொசிஷனை விட புரொஃபைல் டாலரன்ஸே ஏற்றது.

சாஃப்ட்வேர் நாம் தேர்ந்தெடுத்த கணக்கைத்தான் போடும். அது இந்தத் துளைக்குப் பொருந்துமா என்று பார்ப்பது நம் பொறுப்பு. ரிப்போர்ட்டில் பச்சை நிறத்தைக் கண்டதும் பிரின்ட் கொடுத்துவிடாமல், டிராயிங்கில் விட்டக் குறி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.